ஆங்கிலச் சொல்லை அசை பிரிப்பது: வாய்க்கு ஒரு கணக்கு, கைக்கு ஒரு கணக்கு

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகள் நான்காம் வகுப்பு. டியூஷன் சயாமா (டீச்சர்) ஆங்கிலச் சொற்களை அசை பிரித்துக் கைதட்டிச் சொல்லச் சொல்கிறாராம். பிள்ளை தட்டும்போது எப்போதும் ஒன்றிரண்டு தட்டு கூடிப்போகிறது. கைப்பேசி அகராதியைத் திறந்தால் சொல்லுக்கு நடுவில் இருக்கும் புள்ளிகள் சயாமா பிரித்த இடத்தில் இல்லை. நீளமான சொல்லை எழுதச் சொன்னால் நடுவில் இரண்டு எழுத்து காணாமல் போய்விடுகிறது. எது சரியான பிரிப்பு, வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. அசை பிரிப்பது என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று சரியாகச் சொல்வதற்காகப் பிரிப்பது, அதைக் காது முடிவு செய்யும். இன்னொன்று பிழையில்லாமல் எழுதுவதற்காகப் பிரிப்பது, அதைக் கண்ணும் கையும் முடிவு செய்யும். பல சொற்களில் இரண்டும் ஒரே இடத்தில் விழும். விழாத சொற்களில்தான் பிள்ளை அழுகிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருக்கிறது. டைகரின் முதல் எழுத்தை 'டீ' என்றும், டாக்டரின் முதல் எழுத்தை 'டி' என்றும் எழுதுகிறேன்.

அசை என்றால் என்ன? ஒரு உயிரொலி இருந்தால் ஒரு அசை, அவ்வளவுதான். உயிரெழுத்தை எண்ணக்கூடாது, உயிரொலியை எண்ண வேண்டும். வரிசையில் நிற்பதற்குச் சொல்கிற 'க்யூ' என்ற சொல்லில் ஐந்து எழுத்து, அதில் நான்கு உயிரெழுத்து. வாயில் வருவதோ ஒரே அசை. 'ஏரியா' என்ற சொல்லில் மொத்தமே நான்கு எழுத்துதான், அசை மூன்று. பலங்கள் என்று பொருள்படும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' ஒன்பது எழுத்துச் சொல், அசை ஒன்றே ஒன்று. தமிழ் யாப்பு படித்தவர் வீட்டில் யாராவது இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நேரசை நிரையசைக் கணக்கு இங்கே பொருந்தாது. 'மலர்' யாப்பில் ஒரு நிரையசை, ஆங்கிலக் கணக்கில் இரண்டு அசை.

இப்போது பிள்ளைக்கு ஏன் தட்டு கூடுகிறது என்று பார்ப்போம். பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைத் தட்டுவதில்லை, தங்கள் வாயில் அந்தச் சொல் எப்படி வருகிறதோ அதைத் தட்டுகிறார்கள். வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழுக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் கடைசியில் ஒரு உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். புக்கு, கப்பு, லைட்டு. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு தட்டு, நம் பிள்ளைகளுக்கு இரண்டு. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான், ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது. நடுவில் வந்தால் 'அம்-ப்ரெ-லா' என்று மூன்றாக இருக்க வேண்டிய குடை 'அம்-ப-ரெல்-லா' என்று நான்காகிவிடுகிறது.

பர்மிய மொழி வேறு வழியில் மாற்றுகிறது. அதில் அசையின் இறுதியில் க், ட், ப் எல்லாம் முழுதாக வெளிவராது, தொண்டையில் சட்டென்று அடைபட்டு நின்றுவிடும். ரைஸ், ரைட், லைக், லைஃப் என்று நான்கு சொற்களைப் பர்மிய வாயால் சொல்லச் சொல்லுங்கள், நான்கின் வாலும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டு வரும். தட்டு எண்ணிக்கை சரியாக இருக்கும், எழுதும்போதுதான் கடைசி எழுத்து தெரியாது. தொடக்கத்தில் மெய்கள் சேர்ந்து வந்தால் நடுவில் ஒரு சின்ன 'அ' நுழையும். மேமியோ மலையூரிலிருந்து பருவத்துக்கு வரும் ஸ்ட்ராபெரியைப் பர்மியத்தில் 'ஸ-தோ-பே-ரீ' என்று நான்கு அசையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது மூன்று: ஸ்ட்ரா-ப-ரி. முதல் அசையிலேயே எஸ், டீ, ஆர் மூன்றும் ஒரே மூச்சில் போக வேண்டும்.

ஃபிலிம் இன்னும் நல்ல உதாரணம். தமிழில் 'பி-லிம்', பர்மியத்தில் 'ஃப-லின்', இரண்டிலும் இரண்டு தட்டு. ஆங்கிலத்தில் எல்லும் எம்மும் ஒட்டிக்கொண்டு ஒரே தட்டு. இதற்கு நேர்மாறாக, டியூஷன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'டியூ-ஷன்', பர்மியத்தில் 'சூ-ஷின்', இரண்டும் இரண்டு தட்டு. ஆங்கிலத்தில் அது மூன்று: 'ட்யூ-இ-ஷன்', நடுவில் நிற்கும் அந்த 'இ'யில்தான் அழுத்தமே விழுகிறது. நாம் தினம் சொல்கிற சொல்லில் அழுத்தம் விழ வேண்டிய அசையையே விழுங்கிவிடுகிறோம்.

ஆகவே கைதட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வரிசை இதுதான்: கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு மூன்று முறை கேட்கட்டும், வாய் திறக்கக்கூடாது. அப்புறம் முகவாய்க்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லட்டும். உயிரொலி வரும்போதெல்லாம் தாடை கொஞ்சம் இறங்கிக் கையைத் தொடும், தொட்ட தடவையை எண்ண வேண்டும். மெலிந்த அசைகளில் தாடை அவ்வளவாக இறங்காது. அங்கே திரும்பவும் காதைத்தான் நம்ப வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு கைதட்டட்டும். எடுத்தவுடன் தட்டச் சொன்னால் பிழையையே தட்டிப் பழகுவாள். டியூஷன் சயாமாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். கைதட்டும் முறையில் குற்றமில்லை, அது வரிசையில் கடைசியில் வர வேண்டும்.

கடைசி உகரத்தை விரட்ட ஒரு வழி. 'புக்' என்று தனியாக நிறுத்தச் சொன்னால் வராது. உயிரில் தொடங்கும் சொல்லை அடுத்து வையுங்கள்: 'புக் இஸ்'. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது தமிழுக்கு இயல்பான காரியம் என்பதால் 'பு-கிஸ்' என்று தானாக வந்துவிடும், உகரத்துக்கு இடம் இருக்காது. அப்படிச் சில நாள் பழகிய பிறகு 'இஸ்'ஸைச் சொல்லாமல் மனதில் மட்டும் வைத்துக்கொண்டு 'புக்' என்று நிறுத்தச் சொல்லுங்கள். பர்மியப் பழக்கத்தால் வாலை விழுங்கும் பிள்ளைக்கும் இதே மருந்துதான். விழுங்கிய மெய் அடுத்த உயிரோடு சேரும்போது வெளியே வந்தே தீர வேண்டும். மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன: பால், மரம், மீன். பால் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'ஸ்கூல்' என்று எல்லில் முடிக்கவும் தெரியும். பர்மியம் மட்டும் பேசும் வகுப்புத் தோழிக்கு அது கஷ்டம், உங்கள் மகளுக்கு இல்லை.

அதேபோல் பர்மியம் தரும் ஒரு உதவி தமிழ் மட்டும் பேசுகிறவர்களுக்குக் கிடைக்காது. என்னைக் கேட்டால் ஆங்கில உச்சரிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லா அசைக்கும் சமமான எடை கிடையாது. ஒரு அசையில் அழுத்தம் விழும், அது உயர்ந்து நீண்டு ஒலிக்கும். மற்றவை சுருங்கும். சுருங்கிய அசையில் எழுத்து ஏ, இ, ஓ எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒலி ஒன்றுதான்: வாய் பாதி திறந்து, நாக்கு சும்மா கிடக்க, வந்ததும் தெரியாமல் போவதும் தெரியாமல் ஒரு மெலிந்த 'அ'. அகராதியில் ஆங்கிலத்தின் சிறிய இ எழுத்தைத் தலைகீழாகப் போட்டிருப்பார்களே, அதுதான். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலியும் அதுதான்.

தமிழ்ப் பிள்ளை எழுத்தைப் பார்த்து எல்லா அசையையும் முழுதாகச் சொல்லும். தமிழில் குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம் என்று குறுகும் உயிர்கள் உண்டுதான், ஆனால் ஆங்கிலம் போல எங்கும் எதிலும் குறுகுவதில்லை. பர்மியத்தில் இது அன்றாடம் நடக்கிறது. பகோடாவுக்குச் சொல்லும் 'பயா'வை எப்படி எழுதுகிறோம்? உகரம் போட்டு எழுதுகிறோம், வாயில் உகரம் இல்லை, ஒரு மெலிந்த 'அ'தான் வருகிறது. மீன் விழுதுக்குச் சொல்லும் 'ஙபி'யில் முதல் பாதி மீனைக் குறிக்கும் 'ஙா', எழுத்தில் நெடில். ஙபி என்று சேர்த்துச் சொல்லும்போது அந்த நெடில் எங்கே போயிற்று? சோற்றுக்குச் சொல்லும் 'தமின்', டீச்சருக்குச் சொல்லும் 'சயாமா', எல்லாவற்றிலும் முதல் அசை அப்படி மெலிந்ததுதான். சயாமாவை யாரும் 'சாயாமா' என்று நீட்டிச் சொல்வதில்லை. பிள்ளையிடம் 'சயாமாவின் முதல் சத்தம்' என்று அந்த ஒலிக்குப் பெயர் வைத்துவிடுங்கள். அகராதியில் தலைகீழ் எழுத்தைப் பார்க்கும் இடத்திலெல்லாம் 'சயாமா சத்தம்' என்று சொன்னால் போதும், உடனே பிடித்துக்கொள்ளும்.

'பனானா'வில் பழகிப் பாருங்கள். எழுத்தில் மூன்று ஏ. நடு அசையில் மட்டும் முழு ஒலி, முதலும் கடைசியும் சயாமா சத்தம். தமிழ் வழக்கத்தில் மூன்றையும் ஒரே உயரத்தில் சொன்னால் தட்டு எண்ணிக்கை சரிதான், ஆனால் கேட்கும் ஆங்கிலேயருக்கு ஒரு நொடி பிடிபடாது. அழுத்தம் மாறும்போது ஒரே குடும்பத்துச் சொற்கள் எப்படி உருமாறுகின்றன என்பதையும் காட்டுங்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை உயரும். 'ஃபோட்டோகிராஃபி' என்று ஒரு எழுத்து கூடியதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, முன்பு முழுதாக ஒலித்த 'ஃபோ' மெலிந்து 'ஃப' ஆகிறது: ஃப-டா-க்ர-ஃபி. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாம் அசைக்குப் போய்விடும். நல்லவேளையாக இதற்கு ஒரு பிடி உண்டு: ஷன், இக், இட்டி என்று முடியும் சொற்களில் அந்த முடிவுக்கு முந்திய அசையில் அழுத்தம் விழும். எஜு-கே-ஷன், யூனி-வர்-ஸிட்டி, எக-நா-மிக். விலக்குகள் உண்டு, 'அராபிக்' ஒன்று. ஆனாலும் நம்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

சரி, வாய்க்கான கணக்கு இது. இனி கைக்கு.

எழுதும்போது பிள்ளை செய்வதை உற்றுக் கவனியுங்கள். பத்து எழுத்துச் சொல்லைப் பத்து எழுத்தாகவே ஒரே மூச்சில் ஒப்பிக்கும். நடுவில் ஒன்று நழுவினால் முதலிலிருந்து தொடங்கும். பர்மிய எழுத்து கற்றபோது அவள் அப்படியா படித்தாள்? தின்பொன்ஜீ என்ற பர்மிய அரிச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு 'கஜீ, யேச்சா, கா' என்று ஒரு அசைக்குரிய உறுப்புகளைச் சொல்லி, அந்த அசையைச் சொல்லி முடித்துவிட்டுத்தானே அடுத்ததற்குப் போனாள்? ஆங்கிலத்துக்கும் அதையே செய்யச் சொல்லுங்கள். ரங்கூனில் 1920ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் சொல் 'யூனிவர்ஸிட்டி'. யூ என்று ஒரு எழுத்து. என், ஐ: 'னி'. வி, இ, ஆர்: 'வர்'. எஸ், ஐ: 'ஸி'. டீ, ஒய்: 'டி'. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு. பத்து எழுத்து ஐந்து கட்டாகிவிட்டது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு உயிரெழுத்தாவது இருந்தே ஆக வேண்டும், ஒய்யும் இங்கே உயிராக வேலை செய்கிறது. எழுதி முடித்ததும் கட்டு கட்டாகச் சரிபார்த்து, உயிர் இல்லாத கட்டு இருந்தால் அங்கேதான் எழுத்து விழுந்திருக்கிறது.

இதில் ஒரு கண்டிப்பான விதி: எழுதும்போது சயாமா சத்தம் கூடாது. எழுதுவதற்கென்று மனதுக்குள் ஒரு தனி உச்சரிப்பு வேண்டும், அதில் எல்லா எழுத்தும் முழுதாக ஒலிக்கும். புதன்கிழமையை வாயால் 'வென்ஸ்-டே' என்று இரண்டாகச் சொல்லலாம். எழுதும்போது 'வெட்-நெஸ்-டே' என்று மூன்றாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், மூன்று மூன்று எழுத்தாக மூன்று கட்டு. வாயில் 'சாக்-லட்', எழுதும்போது 'சாக்-ஓ-லேட்'. வாயில் 'வெஜ்-ட-பிள்', எழுதும்போது 'வெஜ்-ஈ-டே-பிள்'. இந்த இரண்டு குரல்களும் ஒன்றையொன்று கெடுக்காதா என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளைக்கு இது புதிதல்ல. 'வந்துவிட்டேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டேன்' என்று பேசத் தெரிந்த பிள்ளைதானே. எது எந்த வேலைக்கு என்று சொல்லிவைத்தால் போதும்.

மெலிந்த அசையில் எந்த உயிரெழுத்து என்று தெரியாமல் திணறினால் அந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல்லைத் தேட வேண்டும், அழுத்தம் மாறியதும் மறைந்த எழுத்து வெளியே வந்துவிடும். 'ஹிஸ்டரி'யில் எஸ்டீக்கு அடுத்து ஓ இருப்பது காதில் விழுவதே இல்லை. 'ஹிஸ்-டா-ரி-கல்' என்று சொன்னதும் ஓ பளிச்சென்று நிற்கும். 'மெமரி'யின் ஓவை 'மெமோரியல்' காட்டிக்கொடுக்கும், 'கிராமர்' ஏ-ஆர் என்று முடிகிறதா இ-ஆர் என்று முடிகிறதா என்பதை 'கிரமாட்டிகல்' சொல்லும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இது நிற்கும்.

எங்கே வெட்டுவது என்பதற்கு வருகிறேன். முதலில் சொல் இரண்டு சொற்கள் சேர்ந்ததா, முன்னே பின்னே ஒட்டு இருக்கிறதா என்று பார்த்து அதைக் கழற்றுங்கள்: அன்-ஹேப்பி-னெஸ், சன்-ஷைன். மீதியில் இரண்டு உயிருக்கு நடுவே இரண்டு மெய் இருந்தால் பெரும்பாலும் அவற்றுக்கு நடுவில் வெட்டலாம். எஸ்-எச், சி-எச், டீ-எச், பி-எச் போன்ற ஜோடிகள் ஒரே ஒலி என்பதால் அவற்றைப் பிரிக்கக்கூடாது, 'ஃபா-தர்' என்பதில் டீயும் எச்சும் சேர்ந்தே போகும். மூன்று மெய் இருந்தால் ஆங்கிலச் சொல்லின் தலையில் நிற்கக்கூடிய கூட்டத்தைக் கலைக்காமல் வெட்டுங்கள். 'ட்ர' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் ஏராளம், அதனால் ஹன்-ட்ரட், சில்-ட்ரன். குடையும் அப்படித்தான், எம்மை முதல் அசைக்குக் கொடுத்துவிட்டு மீதி இரண்டு மெய்யும் அடுத்த அசைக்கு.

நடுவில் ஒரே ஒரு மெய் இருந்தால்தான் சிக்கல், ஆனால் சுவையும் அங்கேதான். மெய்யை அடுத்த அசைக்குக் கொடுத்துவிட்டால் முதல் அசை திறந்து நிற்கும், அதன் உயிர் தன் பெயரையே சொல்லும்: டை-கர், பே-பர், ஹோ-டெல். மெய்யை முதல் அசைக்கே கொடுத்து மூடிவிட்டால் உயிர் குறுகும்: ரிவ்-அர், லெம்-அன். எது என்று எழுத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் திறந்து சொல்லிப் பார்க்கட்டும், தெரிந்த சொல்லாக ஒலிக்காவிட்டால் மூடிச் சொல்லட்டும். சில சொற்களில் பொருள் மாறினால் வெட்டும் மாறும். 'ரெக்-அர்ட்' என்று மூடி முதல் அசையை அழுத்தினால் பதிவு என்ற பெயர்ச்சொல், 'ரி-கார்ட்' என்று திறந்து இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவு செய் என்ற வினைச்சொல். எழுத்து ஒன்றும் மாறவில்லை.

ஆங்கிலத்தில் மெய் இரட்டிப்பது எதற்கு என்பது இங்கே விளங்கிவிடும். இரட்டித்த மெய்யில் ஒன்று முதல் அசையை மூடுகிறது, உயிர் குறுகுகிறது. 'டைனர்' என்றால் சாப்பிடுகிறவர், ஒரு என். 'டின்னர்' என்றால் சாப்பாடு, இரண்டு என். 'சூப்பர்' ஒரு பி, இரவுச் சாப்பாடான 'சப்பர்' இரண்டு பி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். நமக்கு இரட்டித்த எழுத்தென்றால் இரட்டித்த ஒலி. பட்டு வேறு, படு வேறு. ஆங்கிலத்தில் டின்னரின் இரண்டு என்னும் வாயில் ஒரே ன்தான், அழுத்தி நிறுத்திச் சொல்லக்கூடாது. ஆகையால் தமிழ் எழுத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிவைத்து அதிலிருந்து ஸ்பெல்லிங் பிடிக்கும் பழக்கம் ஆபத்து. 'பேப்பர்' என்று தமிழில் இரண்டு ப போட்டு எழுதுகிறோம், ஆங்கிலத்தில் நடுவில் ஒரே பி.

எல்-இ என்று முடியும் சொற்களுக்குத் தனி வழி: பின்னாலிருந்து மூன்று எழுத்தை எண்ணி வெட்டுங்கள். டேபிள் என்றால் டீ, ஏ ஒரு கட்டு, மீதி மூன்றும் ஒரு கட்டு. முதல் கட்டு திறந்திருப்பதால் 'டே'. ஆப்பிளில் பி இரட்டித்து முதல் கட்டை மூடுவதால் குறில். கடைசிக் கட்டின் இ வாயில் வரவே வராது, எல்லே உயிர் மாதிரி நின்று அசையைத் தாங்குகிறது.

இப்போது அந்த அகராதிப் புள்ளிகள். தலைச்சொல்லில் இருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் அச்சுக்காரருக்காக வைத்தவை. வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் சொல்லை எங்கே உடைத்துச் சிறுகோடு போடலாம் என்று காட்டுகின்றன. ஒற்றை எழுத்தை வரியில் தனியாக விடுவது அச்சு வழக்கமில்லை. அதனால் மூன்று அசையுள்ள 'ஐடியா'வுக்குச் சில அகராதிகளில் ஒரு புள்ளியும் இருக்காது. இதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்க வழக்கம் ஒலியைப் பார்த்து உடைக்கும், பிரிட்டிஷ் வழக்கம் சொல்லின் உறுப்பைப் பார்த்து உடைக்கும். அறிவு என்று பொருள்படும் 'நாலெட்ஜ்' அமெரிக்க அச்சில் எல்லுக்குப் பிறகு உடையும், பிரிட்டிஷ் அச்சில் 'நோ' என்ற சொல்லைக் காப்பாற்றி எல்லுக்கு முன்னால் உடையும்.

பிள்ளைகளுக்காக ஒலியைப் பார்த்து உடைக்கும் வழக்கத்தை அழுத்தமாக முன்வைத்தவர் அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர். பழக்கம் என்று பொருள்படும் 'ஹேபிட்' என்ற சொல்லை, அவருக்கு முந்திய பாடப்புத்தகங்கள் 'ஹே-பிட்' என்று படிக்கும்படி ஏயை அடுத்து வெட்டின. 1783ல் வந்த தம் எழுத்துக்கூட்டல் புத்தகத்தில் அவர் 'ஹேப்-இட்' என்று பியைச் சேர்த்து வெட்டினார், அப்படி வெட்டினால்தான் படிக்கிற பிள்ளை உயிரைக் குறுக்கிச் சரியாகச் சொல்லும் என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

உங்கள் மகள் பார்க்க வேண்டியது தலைச்சொல்லை அல்ல, அதற்கு அடுத்து இருக்கும் உச்சரிப்புக் குறியீட்டை. அங்கே மேலே ஒரு சின்ன நேர்க்கோடு இருக்கும். அழுத்தம் விழும் அசை அந்தக் கோட்டுக்குப் பின்னால் தொடங்குகிறது. கோட்டுக்கு முன்னால் இருப்பதை அழுத்திப் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தலைகீழ்.

வினைச்சொல்லின் இறந்தகால இ-டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகமாகத் தவறுவது அங்கேதான். வினைச்சொல் டீ அல்லது டி ஒலியில் முடிந்தால் மட்டுமே இ-டி ஒரு புது அசை ஆகும்: வான்-டெட், நீ-டெட். மற்றபடி அது ஒரு மெய்யாகச் சுருங்கி முன் அசையிலேயே ஒட்டிக்கொள்ளும். 'வாக்ட்' ஒரு தட்டு, 'ஹெல்ப்ட்' ஒரு தட்டு. தமிழ் வாய் 'வாக்-கெட்' என்று இரண்டாக்கும். பர்மிய வாய் இறுதி ட்டை விழுங்குவதால் நடக்கிறான், நடந்தான் இரண்டும் ஒன்றாகிவிடும். பன்மையும் அதே தர்க்கம்: எஸ், இஸட், ஷ், ச், ஜ் ஒலிகளில் முடிந்தால் பஸ்-ஸஸ், பாக்-ஸஸ் என்று தட்டு கூடும், கப்ஸ், புக்ஸ் என்றால் கூடாது.

உங்கள் வயதுக்காரர்களுக்கும் உங்கள் பெற்றோருக்கும் இதெல்லாம் ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்று நினைக்கலாம். 1960களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில்தான் மறுபடி கீழ் வகுப்புகளுக்கு வந்தது. வந்தபோதும் கேட்டுப் பழக வசதியில்லை, புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பதுதான் படிப்பு. கண்ணால் கற்ற ஆங்கிலம் அது. இன்றைக்கு ஒரு சாதாரணக் கைப்பேசியில் எந்தச் சொல்லையும் கேட்கலாம், அந்த வசதியை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

தினமும் ஐந்து சொல் போதும், அதுவும் அவள் பாடத்தில் வருகிற சொற்களாகவே இருக்கட்டும். கேட்டு, தாடையில் எண்ணி, தட்டி, அழுத்தம் விழும் அசையில் மட்டும் உரக்கத் தட்டி, அப்புறம் எழுதும் குரலில் கட்டு கட்டாகச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். நோட்டில் கட்டுகளுக்கு நடுவே பென்சிலால் மெல்லிய கோடு போடலாம். சொல் கைவந்ததும் கோட்டை அழித்துவிட்டுச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கோடு போட்டே பழகினால் தேர்வுத் தாளிலும் இடைவெளி விட்டு எழுதும். ஒரே அகராதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கி பிரிட்டிஷா அமெரிக்கனா என்பதையும் மாற்றாதீர்கள்.

சில சொற்களில் எண்ணிக்கையே இரண்டு விதமாக வரும். 'ஃபயர்' ஒன்றா இரண்டா, 'கேமரா' இரண்டா மூன்றா, 'இன்ட்ரஸ்டிங்' மூன்றா நான்கா என்று ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே ஒருமித்துச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட சொல்லில் சயாமா ஒன்று சொல்லி மகள் ஒன்று தட்டினால், அவள் காதில் விழுந்ததைத்தான் தட்டினாளா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் அப்படியே விட்டுவிடலாம்.